கேப்ஸ்யூல் போட்டும் துணியில் வாசம் நிற்காதது ஏன்?

போன மாதம் ஓர் இளம் கெமிஸ்ட், வாசனை கேப்ஸ்யூல் போட்ட சலவைச் சரக்கில் துவைத்து மடித்த டவலோடு வந்தார். “சார், தேய்ச்சுட்டு மோந்து பாருங்க” என்றார். தேய்த்தேன். மல்லிகை வாசம் கும்மென்று எழுந்தது. சரக்கு எப்போது போட்டது என்று கேட்டேன். “முந்தாநாள் சார். பார்ட்டி ஓகே சொல்லிட்டாரு, லேபிள் பிரிண்டுக்குப் போயிடுச்சு.”

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே மாதிரி ஒரு டவலை நானும் ஒரு முதலாளியின் மேசையில் வைத்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். எடை போடுவது, பிஹெச் பார்ப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

வாசனை எண்ணெய்த் துளியைச் சுற்றி மெல்லிய பாலிமர் ஓடு கட்டியதுதான் மைக்ரோகேப்ஸ்யூல். அளவு சில மைக்ரானிலிருந்து சில பத்து மைக்ரான் வரை. கார்பன் தாள் வைக்காமலே நகல் விழும் ரசீதுப் புத்தகத்துக்காக 1950-களில் அமெரிக்காவில் வந்த உத்தி இது. அங்கே பேனா அழுத்தத்தில் ஓடு உடைந்தது. இங்கே துணி உடம்பில் உரசும்போது உடைகிறது.

ஸ்லரியை பெர்ஃப்யூம் கணக்கில் அளப்பது

கேப்ஸ்யூல் தண்ணீரில் மிதக்கும் கூழாக, ஸ்லரியாகத்தான் வரும். பெரும்பாலான ஸ்லரியில் வாசனை எண்ணெய் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும். 1% ஸ்லரி போட்டுவிட்டு 1% பெர்ஃப்யூம் போட்டதாக எண்ண வேண்டாம்.

ஹோமோஜினைசருக்கு முன்னால் சேர்ப்பது

கூடாது. சரக்கை வேகமாக அடித்துக் கலக்கும் அந்த இயந்திரத்தில் ஓடு உடைந்துவிடும். கடைசியில், சூடு தணிந்த பிறகு, மெதுவாகச் சுற்றும் கலக்கியில் சேருங்கள். ஸ்லரி ஊற்றியதும் டேங்க் பக்கம் வாசம் தூக்கலாக அடித்தால் உங்கள் காசு காற்றில் போகிறது.

புதுச் சரக்கை மோந்து பார்த்து முடிவெடுப்பது

இன்றுவரை என்னை எரிச்சல்படுத்தும் தவறு இதுதான்.

நான் போட்டது லிக்விட் டிடர்ஜென்ட். மூன்றாம் நாள் துவைத்த டவலில் வாசம் பிரமாதம். சரக்கு போனது. சித்திரை வெயில் முடிவதற்குள் கடைக்காரர்களிடமிருந்து புகார் வந்தது: துணியில் ஒன்றும் நிற்கவில்லை. திரும்பி வந்த பாட்டிலைத் திறந்தேன். உள்ளே வாசம் முன்னைவிடப் பலமாக இருந்தது. “பாட்டில்ல இவ்வளவு வாசம் வருது, கம்ப்ளைன்ட் எப்படிப்பா?” என்றார் முதலாளி. நானும் துவைப்பவர்கள் மேல்தான் பழி போட்டேன். தண்ணீரின் உப்பைச் சொன்னேன், வாஷிங் மெஷினைச் சொன்னேன். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கவே இரண்டு மாதமாயிற்று. காற்றுப் போன பந்துபோல் கேப்ஸ்யூல்கள் குழிந்து கிடந்தன.

பாட்டிலில் வாசம் ஏறியதே நோயின் அறிகுறி. அழுக்கு எண்ணெயைப் பிடித்து இழுப்பதுதான் டிடர்ஜென்ட்டின் வேலை. அழுக்கென்றும் வாசனையென்றும் அதற்கு வித்தியாசம் கிடையாது. பாட்டில் அலமாரியில் இருக்கும் நாளெல்லாம் ஓட்டின் வழியாக வாசனை மூலக்கூறுகளை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். ஓடு உடைய வேண்டியதில்லை, கசிந்தால் போதும். கோடவுன் சூடு ஏற ஏற கசிவும் வேகமெடுக்கும். வெளியே வந்த எண்ணெய் துவைக்கும்போது தண்ணீரோடு சாக்கடைக்குப் போகும். துணியில் ஒட்டுவது வெறும் ஓடு.

இதில் நம் ஊர் ஆசைக்கு ஒரு சங்கடம் உண்டு. எல்லா மூலக்கூறும் ஒரே வேகத்தில் கசிவதில்லை. தண்ணீரோடு ஓரளவு ஒத்துப்போகிற சிறிய மூலக்கூறுகள் முந்திக்கொள்ளும். ரோஜாவின் ஃபினைல் எத்தில் ஆல்கஹால், மல்லிகையின் பென்சைல் அசிட்டேட் இரண்டும் அந்த ரகம். பார்ட்டி மல்லிகை கேட்டார் என்று அதையே கேப்ஸ்யூலுக்குள் அடைத்தால், மூன்று மாதத்தில் மல்லிகை போய் அடியில் உள்ள கனமான வாசம் மட்டும் மிஞ்சும். கேப்ஸ்யூலுக்கென்றே எண்ணெய் விரும்பும் மூலக்கூறுகளால் தனி பெர்ஃப்யூம் கட்டச் சொல்லுங்கள்.

சோதனைக்குப் பெரிய லேப் வேண்டாம். சரக்கை 40 டிகிரி ஓவனில் வையுங்கள். 4, 8, 12 வாரத்தில் எடுத்து, ஒரே ரக டர்க்கி டவலைத் துவைத்து நிழலில் காயப்போடுங்கள். தேய்க்கும் முன் ஒருமுறை, தேய்த்த பின் ஒருமுறை மோந்து பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கேப்ஸ்யூலின் உழைப்பு. கேப்ஸ்யூல் இல்லாமல் அதே பெர்ஃப்யூம் போட்ட டவலும் பக்கத்தில் இருக்கட்டும். கையில் ஜிசி (வாசனைப் பொருள்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப்) வசதி இருந்தால் கேப்ஸ்யூலை வடிகட்டிப் பிரித்து, உள்ளே மிஞ்சிய எண்ணெயை அளந்துவிடலாம்.

அந்தத் தம்பியிடம் லேபிளை நிறுத்தச் சொன்னேன். மூன்று மாதம் எப்படி சார் காத்திருப்பது என்றார். திரும்பி வரும் சரக்கை இறக்கிவைக்க எத்தனை மாதம் ஆகும் என்று அவருக்கு இன்னும் தெரியாது. ஆனால் பாட்டிலை ஓவனில் வைத்திருக்கிறார்.

‘கோட்டட்’ என்றதும் நம்பிவிடுவது

சப்ளையர் அப்படிச் சொன்னால், எதற்கான பூச்சு என்று கேளுங்கள். துணியில் ஒட்டுவதற்காகப் பூசும் நேர்மின் பாலிமர் வேறு. கசிவைத் தடுக்க ஓட்டின் மேல் ஏற்றும் சிலிக்கா போன்ற அடுக்கு வேறு. பருத்தி தண்ணீரில் எதிர்மின் கொண்டது என்பதால் முதல் வகை நன்றாக ஒட்டும், ஆனால் கசிவை அது நிறுத்திவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். டிடர்ஜென்ட்டின் எதிர்மின் சோப்போடு சேர்ந்து திரிந்தும் போகலாம். துணிக்குப் போடும் கண்டிஷனரில் இதற்கு நேர்மாறு: சரக்கு நேர்மின், எதிர்மின் பாலிமரால் நிலைநிறுத்திய ஸ்லரி வந்தால் ரவை ரவையாகக் கட்டும். ஒரு டம்ளரில் கலந்து ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள்.

ஆல்கஹால் ஸ்பிரே இன்னும் கொடுமை. அதில் சாதாரண பாலிமர் ஓடு சீக்கிரமே காலியாகிவிடும். ஓட்டின் மேல் மெல்லிய உலோகப் படலம் பூசும் ஆராய்ச்சிகள் வந்ததே அதனால்தான்.

மிதக்க விடுவது

எண்ணெய் தண்ணீரைவிட லேசு. சரக்கு நீர்த்திருந்தால் கேப்ஸ்யூல் பாட்டில் கழுத்தில் ஆடை கட்டும். தாங்கிப் பிடிக்கும் திக்னர், அதாவது சரக்கைக் கெட்டியாக்கும் பொருள், அவசியம்.

ஏற்றுமதிக்காரர்கள் 2029-ஐ மறப்பது

வேண்டுமென்றே சேர்க்கும் மைக்ரோபிளாஸ்டிக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கட்டுப்படுத்தியது. வாசனை கேப்ஸ்யூலுக்குக் கெடு 2029 அக்டோபர் 17. மெலமைன் என்னும் மக்காத பிளாஸ்டிக்கில் கட்டிய ஓடு அதற்குப் பிறகு அங்கே செல்லாது. மக்கும் ஓட்டை இப்போதே கேட்டு வாங்குங்கள். ஓடு மாறினால் கசிவும் மாறும், அந்த 12 வாரத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.