எதன் செறிவு? செல் சவ்வுப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு நீர் செல்லும்." சவ்வூடு பரவல், அதாவது சவ்வு வழியாக நீர் நகர்வது, என்றதும் பலர் எழுதும் வரி இது. எதன் செறிவு? நீரின் செறிவு என்றால் சரி. உப்பின் செறிவு என்றால் விடை தலைகீழ். இந்த ஒரு சொல் விடுபடுவதால் வரும் குழப்பம்தான், என் கணக்கில், இந்தப் பாடத்திலேயே பெரியது. கரைபொருள் (உப்பு போல நீரில் கரைந்திருப்பது) எங்கே அதிகமோ அங்கே நீர் போகும் என்று எழுதுங்கள். சந்தேகத்துக்கு இடமே இருக்காது.

மனித இரத்தச் சிவப்பு செல்லை 0.9 சதவீத உப்புக் கரைசலில் போட்டால் அது வடிவம் மாறாமல் இருக்கும். 3 சதவீதக் கரைசலில் போட்டால் வெளியே கரைபொருள் கூடுதல். செல்லிலிருந்து நீர் வெளியேறும், செல் சுருங்கும். காய்ச்சி வடித்த நீரில் போட்டால் நீர் உள்ளே புகுந்து செல் வெடித்துவிடும். முதல் நிலையில் "நீர் நகரவே இல்லை" என்று எழுதுவதும் தவறு. நீர் இரு பக்கமும் போய்வந்துகொண்டேதான் இருக்கிறது. போவதும் வருவதும் சமம் என்பதால் செல்லின் அளவு மாறுவதில்லை, அவ்வளவுதான். அப்புறம், ஒரு கரைசலை மட்டும் காட்டி "இது ஹைப்பர்டானிக்" (கரைபொருள் கூடுதலான கரைசல்) என்று சொல்ல முடியாது. எதோடு ஒப்பிட்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது செல் சுவர். தாவர செல்லுக்குச் சவ்வுக்குப் பதிலாகச் சுவர் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் உண்டு. இரண்டுமே இருக்கின்றன. சிவப்பு வெங்காயத்தின் வெளிப்பக்கத் தோலை மெல்லிய படலமாக உரித்து, கண்ணாடி வில்லையில் ஒரு சொட்டு நீர் விட்டு, நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். ஊதா நிறம் கட்டம் முழுக்க நிரம்பியிருக்கும். மூடுவில்லையின் ஓரத்தில் அடர்ந்த உப்புநீர் ஒரு சொட்டு விட்டு, மறுபக்கம் உறிஞ்சுதாளை வைத்து இழுங்கள். சில நிமிடங்களில் அந்த நிறம் மூலைகளைக் கைவிட்டு நடுவே ஒதுங்கும். கட்டம் மட்டும் பழையபடியே நிற்கும். நிற்பது சுவர், ஒதுங்கிய பகுதியின் விளிம்புதான் சவ்வு. இதற்குப் பெயர் பிளாஸ்மா சிதைவு. ஆகவே "செல் சுவர் சுருங்கியது" என்று எழுதாதீர்கள். இடையில் தெரியும் வெற்றிடமும் வெற்றிடம் அல்ல. சுவர் உப்பைத் தடுப்பதில்லை. வெளியே இருக்கும் உப்புநீர்தான் அங்கே வந்து நிரம்பியிருக்கிறது. 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையில் கண்டு செல் என்று பெயரிட்டதும் இப்படிப்பட்ட சுவர்களைத்தான். உள்ளிருந்த உயிர்ப்பொருள் எப்போதோ போய்விட்டிருந்தது.

சிறு தவறுகள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒளிச்சேர்க்கை செய்யும் பசுங்கணிகம் இருப்பதால், சுவாசத்தின் மூலம் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா தாவரத்துக்கு வேண்டாம் என்பது தவறு, தாவரமும் சுவாசிக்கிறது. பாக்டீரியாவுக்கு உட்கரு இல்லை, ஆனால் செல் சவ்வும் ரைபோசோமும் உண்டு. எல்லா விலங்கு செல்லிலும் உட்கரு இருக்கும் என்றும் சொல்லக்கூடாது. முதிர்ந்த மனிதச் சிவப்பு செல்லில் அது கிடையாது.

சவ்விலுள்ள புரதம் வழியாக ஒரு பொருள் போனாலே ஆற்றல் செலவாகும் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. குளுக்கோஸ் சிவப்பு செல்லுக்குள் நுழைவது ஒரு கடத்திப் புரதத்தின் வழியாகத்தான். ஆனால் அங்கே ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) செலவாவதில்லை. நீருக்கும் அக்குவாபோரின் என்ற புரதக் கால்வாய் உண்டு. அதைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ருக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசின் ஒரு பங்கு கிடைத்தது. அங்கும் ஆற்றல் செலவு இல்லை. பார்க்க வேண்டியது திசையை. குறைவான பக்கத்திலிருந்து அதிகமான பக்கத்துக்குப் பொருளைத் தள்ள வேண்டுமானால்தான் ஆற்றல் தேவை. சோடியம்–பொட்டாசியம் பம்ப் ஒவ்வொரு ஏடிபிக்கும் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுப்பது அப்படித்தான்.

"சிறியது நுழையும், பெரியது நுழையாது" என்பதும் முழு உண்மை அல்ல. சோடியம் அயனி ஆக்சிஜன் மூலக்கூறைவிடச் சிறியது. ஆனாலும் ஆக்சிஜன் சவ்வின் கொழுப்பு அடுக்கில் கரைந்து தானாகக் கடந்துவிடும், சோடியத்தால் முடியாது. அதற்கு மின்னூட்டம் இருப்பதால் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து பற்றிக்கொள்கின்றன. அந்த நீரை உதறிவிட்டு, நீரை வெறுக்கும் கொழுப்பு வால்களுக்கு நடுவே அது நுழைய வேண்டும். அதனால்தான் அதற்குத் தனிப் புரதக் கால்வாய் தேவைப்படுகிறது.