விரல் மரத்துப்போனதும் லீவரின் கோணமும்: என் அனுபவம்

வெளிநாட்டில் வழிகாட்டியுடன் செல்லும் நெடுந்தொலைவு மோட்டார் சைக்கிள் பயணத்திற்காக ஒத்திகை ஓட்டங்களைத் தொடங்கியபோது, ஒரு மணி நேரம் கடந்தாலே வலது கை விரல்கள் மரத்துப்போயின. அதிர்வுதான் காரணம் என்று கருதி, கைப்பிடி உறை, டயர் காற்றழுத்தம், கையுறை என ஒவ்வொன்றாக மாற்றியதில் நாள்கள் வீணாயினவே தவிர, பலன் இல்லை. தடித்த கையுறையோ பிடியை இன்னும் இறுக்க வைத்து நிலைமையை மோசமாக்கியது.

எந்த விரல்கள் மரத்துப்போகின்றன என்பதைக் கவனித்ததே வழிகாட்டியது. சுண்டு விரலுக்கு ஒன்றுமில்லை; கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவையே மரத்தன. இம்மூன்றுக்கும் உணர்வு தரும் மீடியன் நரம்பு மணிக்கட்டின் குறுகிய பாதை வழியே செல்வதால், மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கியே இருந்தால் அது அழுத்தத்திற்கு உள்ளாகும். இருக்கையில் அமர்ந்து, முழங்கை முதல் விரல் நுனி வரை நேர்க்கோட்டில் நீட்டிப் பார்த்தபோது, பிரேக் லீவர் விரல்களுக்கு மேலே நின்றது. அதன் பிடிப்புத் திருகுகளைத் தளர்த்தி, லீவரைச் சற்றுக் கீழே சாய்த்து இறுக்கினேன். கிளட்ச் லீவரையும் அவ்வாறே செய்தேன். இதன்பின் ஹேண்டில்பாரை இருபுறமும் முழுவதும் திருப்பி, கேபிளோ பிரேக் குழாயோ இழுபடவில்லை என்று உறுதிசெய்வது மிக அவசியம்.

அடுத்த நீண்ட ஓட்டத்தில் மரத்துப்போதல் அறவே இல்லை, பெரும் நிம்மதி. பயணத்தில் தரப்படும் வண்டி வேறு என்பதால், புறப்படும் நாளன்று காலையிலேயே லீவர்களைச் சரிசெய்து தருமாறு முன்கூட்டியே கேட்டு வைத்திருக்கிறேன்.