புரோடிராக்கருக்காக ஒலித்துணுக்குகளை மொத்தமாக மாற்றுதல்

அமிகா கணினியின் இசையமைப்பு மென்பொருளான புரோடிராக்கர் 8 பிட் மோனோ (ஒற்றைத் தடம்) ஒலித்துணுக்குகளையே கையாளும் என்பதால், கோப்புறை நிறைய இருக்கும் வேவ் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றாமல், சாக்ஸ் என்ற கட்டளைவரிக் கருவியை ஒரு ஃபார் லூப்புக்குள் (ஒவ்வொரு கோப்புக்கும் அதே கட்டளையைத் திரும்பச் செய்யும் நிரல்வரி) வைத்து, அமிகாவின் ஒலிக்கோப்பு வடிவமான 8எஸ்விஎக்ஸுக்கு ஒரே மூச்சில் மாற்றிவிடலாம். சாம்பிள் ரேட்டை (ஒரு நொடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்ற அளவு) 16574 ஹெர்ட்ஸ் என்று வைத்தால், பால் (PAL என்ற தொலைக்காட்சி முறை) வகை அமிகாவில் சி-3 சுரத்தில் துணுக்கு அதன் இயல்பான சுருதியிலேயே ஒலிக்கும். சிம்பலுக்கு மட்டும் 27928 ஹெர்ட்ஸ் வைத்து ஏ-3 சுரத்தில் இசைப்பது நல்லது, இல்லையேல் அதன் பளபளப்பு மங்கிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒலியளவு. 8 பிட்டில் 256 படிகளே உண்டு என்பதால், பிட்டைக் குறைப்பதற்கு முன்பே, அதே கட்டளையில், ஒவ்வொரு கோப்பையும் நார்மலைஸ் செய்துவிடுங்கள் (அதாவது, அதன் உச்ச ஒலியளவை முழு அளவுக்கு உயர்த்திவிடுங்கள்). மெலிதான துணுக்கைப் பின்னர் உயர்த்தினால் இரைச்சலும் சேர்ந்தே உயரும்.