பிளஸ் டூ இல்லாத ஊரில்: பிள்ளையோடு அமெரிக்கா வந்த பெற்றோருக்கு எஸ்.ஏ.டி தேர்வு பற்றி

ஒவ்வோர் ஆகஸ்டிலும் எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளி வாசலில், புதிதாக வந்த பெற்றோர் யாராவது ஒருவர் என்னிடம் இதைக் கேட்டுவிடுவார்: "அக்கா, இங்கே பிளஸ் டூ பரீட்சை எந்த மாதம்?" அப்படி ஒரு பரீட்சையே கிடையாது என்றதும் முகத்தில் முதலில் நிம்மதி வரும். அடுத்த நொடி கலக்கம். "அப்படியானால் எதை வைத்துச் சீட் கொடுப்பார்கள்?" பத்தாம் வகுப்பு முடித்த மகளுடன் மதுரையிலிருந்து வந்து இறங்கியபோது எனக்கும் இதே கலக்கம் இருந்தது. பதில் சொல்ல அப்போது ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் ஊரில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறோம், மருத்துவத்துக்கு நீட் எழுதுகிறோம். ஓர் எண், ஒரு தரவரிசை, அதற்கேற்ற கல்லூரி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் 9 முதல் 12 வரை பிள்ளை எடுத்த பாடங்களையும் அவற்றின் கடினத்தையும் ஜி.பி.ஏ எனப்படும் சராசரி மதிப்பெண்ணையும் முதலில் பார்க்கின்றன. கட்டுரை, ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், பள்ளிக்கு வெளியே செய்த வேலைகள் ஆகியவையும் சேரும். கல்லூரிச் சேர்க்கைக்காக எழுதும் பொதுத் தேர்வுகளான எஸ்.ஏ.டி அல்லது ஏ.சி.டி-யின் மதிப்பெண் இந்தப் பந்தலுக்கு ஒரு கால்தான். இதை ஆரம்பத்திலேயே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எஸ்.ஏ.டி-க்காகப் பதினொன்றாம் வகுப்புப் பாடங்களைக் கோட்டைவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த இழப்பை எந்த எஸ்.ஏ.டி மதிப்பெண்ணும் ஈடுகட்டாது.

எனவே முதல் வேலை பயிற்சி மையம் தேடுவதல்ல, பள்ளியில் கவுன்சிலரைச் சந்திப்பது. கவுன்சிலிங் என்றதும் அண்ணா பல்கலைக்கழகம் நினைவுக்கு வரும். இங்கே கவுன்சிலர் என்பவர் பிள்ளையின் பாடத் தேர்வையும் பிறகு கல்லூரி விண்ணப்பத்தையும் கவனித்துக்கொள்ளும் பள்ளி ஊழியர். ஊரிலிருந்து 8, 9, 10-ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்களையும், முடிந்தால் பாடத்திட்டத்தையும் ஆங்கிலத்தில், பள்ளி முத்திரையுடன் வாங்கி வாருங்கள். நம் ஊர்க் கணிதப் புத்தகத்தில் இயற்கணிதம், வடிவியல், முக்கோணவியல் எல்லாம் ஒன்றாக இருக்கும். இங்கே அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2 எனத் தனித்தனி வகுப்புகள். பட்டியல் தெளிவாக இல்லையென்றால், ஏற்கெனவே படித்த பாடத்தில் மறுபடி உட்கார வைத்துவிடுவார்கள். நிலையறியும் தேர்வு வைக்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கேட்பவருக்குத்தான் இங்கே வழி பிறக்கும்.

அடுத்தது பெயர். இது நம்மவர்களுக்கென்றே வரும் சிக்கல். இனிஷியலோடு வாழ்ந்த பிள்ளைக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால், விசாவில் பிள்ளையின் பெயரே குடும்பப் பெயராகி, முதற்பெயர் இருக்கும் இடத்தில் எஃப்.என்.யூ ('முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று வந்துவிடும். பள்ளிப் பதிவேட்டில் அப்பா பெயர் முன்னால் போயிருக்கலாம். எஸ்.ஏ.டி நடத்தும் காலேஜ் போர்டில் கணக்குத் தொடங்கும்போது, தேர்வன்று காட்டப்போகும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் ஒத்திருக்க வேண்டும். பள்ளி அட்டை அல்லது பாஸ்போர்ட், எதைக் காட்டுவது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். பிறகு கல்லூரி விண்ணப்பம் வரை அதே பெயர், அதே வரிசை. எங்கள் தமிழ்ப் பள்ளி மாணவி ஒருத்திக்குப் பள்ளியில் எழுதிய பி.எஸ்.ஏ.டி (எஸ்.ஏ.டி-க்கான முன்னோட்டத் தேர்வு) ஒரு பெயரிலும் வீட்டில் தொடங்கிய கணக்கு இன்னொரு பெயரிலும் இருந்தன. இரண்டையும் இணைப்பதற்குள் அவள் அம்மா பல வாரம் தொலைபேசியும் கையுமாக அலைந்தார்.

இனித் தேர்வு. எஸ்.ஏ.டி அமெரிக்காவில் 2024 மார்ச் முதல் முழுக்கக் கணினியில் நடக்கிறது. மொத்தம் 2 மணி 14 நிமிடம், 98 கேள்விகள். ஆங்கில வாசிப்பும் எழுத்தும் ஒரு பிரிவு, கணிதம் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் 200 முதல் 800, ஆக மொத்தம் 1600. ஒவ்வொரு பிரிவும் இரண்டு பகுதிகளாக வரும். முதல் பகுதியில் எப்படிச் செய்தார்கள் என்பதைப் பொறுத்து இரண்டாம் பகுதி எளிதாகவோ கடினமாகவோ அமையும். எளிதான பகுதி வந்தால் எட்டக்கூடிய உச்ச மதிப்பெண்ணும் குறையும். ஆகவே முதல் பகுதியில் அவசரப்பிழை கூடாது.

நீட், ஜே.இ.இ பழக்கத்தில் வந்தவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இங்கே இல்லை. என் மகள் முதல் பயிற்சித் தேர்வில் ஒன்பது கேள்விகளை வெறுமையாக விட்டுவந்தாள். "சந்தேகம் இருந்தால் தொடாதே" என்று ஊரில் நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அந்தப் பழக்கத்தை மாற்ற இரண்டு மாதம் ஆயிற்று. எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடக் கூடாது.

கணிதத்தில் நம் பிள்ளைகள் பயப்பட வேண்டியதில்லை. கால்குலஸ் கிடையாது, பெரும்பகுதி இயற்கணிதம். மைல், அடி, அங்குலம் வரும்போது ஒரு நொடி நின்று படிக்கப் பழக்குங்கள். நேரம்தான் விஷயம். மடக்கை அட்டவணையோடு வளர்ந்த பிள்ளை எல்லாவற்றையும் கையால் போட்டுத் தீர்க்கப் பார்க்கும். தேர்வுத் திரையிலேயே டெஸ்மாஸ் என்னும் வரைபடக் கால்குலேட்டர் இருக்கிறது, கணிதப் பிரிவு முழுவதும் பயன்படுத்தலாம். இரண்டு சமன்பாடுகளைத் தட்டினால் கோடுகள் வெட்டும் புள்ளி கண்முன் தெரியும். அதைப் பயன்படுத்துவது ஏமாற்று வேலை அல்ல என்று பிள்ளைக்கு நீங்களே சொல்ல வேண்டியிருக்கும்.

மதிப்பெண் கையைவிட்டுப் போவது ஆங்கிலத்தில்தான், அதுவும் நாம் எதிர்பார்க்காத இடங்களில். ஒவ்வொரு கேள்விக்கும் 25 முதல் 150 சொற்களில் ஒரு சிறு பத்தி. மனப்பாடம் செய்த கடினச் சொல் பட்டியல் அவ்வளவாக உதவாது. தெரிந்த சொல்லே தெரியாத பொருளில் வந்து நிற்கும். நாவல் என்றால் புதினம் என்று மட்டும் படித்த பிள்ளை, 'புதுமையான' என்ற பொருளில் அது வரும்போது தடுமாறும். டெம்பர் என்றால் கோபம் தெரியும், 'மட்டுப்படுத்து' என்ற பொருள் தெரியாது. நம் பள்ளிகளில் செயப்பாட்டு வினையும் அயற்கூற்றும் விழுந்து விழுந்து படித்தோம். இங்கே கேட்பது வேறு: ஒரு வாக்கியம் எங்கே முடிகிறது, அரைப்புள்ளி எங்கே, முக்காற்புள்ளி எங்கே. இந்த விதிகள் சொற்பம். இரண்டு வாரத்தில் படித்துவிடலாம், உடனே மதிப்பெண்ணாக மாறும். வாசிப்புக்கு அப்படிக் குறுக்குவழி இல்லை. நாள்தோறும் அரைமணி நேரம் அறிவியல் கட்டுரை, வரலாறு, பழைய சிறுகதை என எதையாவது ஆங்கிலத்தில் படித்து, ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று ஒரே வரியில் உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். தமிழில் சொன்னாலும் போதும். என் மகள் தமிழில்தான் சொன்னாள்.

ஆயிரக்கணக்கான டாலர் கட்டிப் பயிற்சி வகுப்பில் சேர்ப்பதற்கு முன்பு, இலவசமாகக் கிடைப்பதைத் தீர்த்துவிடுங்கள். தேர்வு நடக்கும் அதே புளூபுக் செயலியில் முழு நீளப் பயிற்சித் தேர்வுகள் இருக்கின்றன. கான் அகாடமியில் காலேஜ் போர்டுடன் சேர்ந்து தயாரித்த பாடங்கள் உண்டு. சனிக்கிழமை காலை ஒரு முழுத் தேர்வு, ஞாயிறு முழுக்கத் தவறுகளைப் பார்ப்பது. ஒரு நோட்டுப் போட்டு, தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் ஏன் தவறியது என்று எழுத வேண்டும். 'கவனக்குறைவு' என்று எழுதினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள், எதைக் கவனிக்கவில்லை என்று கேளுங்கள். நான்கு தேர்வுக்குப் பிறகும் ஒரே இடத்தில் நின்றால் அப்போது ஆசிரியர் தேடலாம்.

எப்போது எழுதுவது? பொதுவாகப் பதினொன்றாம் வகுப்பின் மார்ச் அல்லது மே மாதத்தில் ஒருமுறை, பன்னிரண்டாம் வகுப்புத் தொடக்கத்தில் இன்னொரு முறை. பல கல்லூரிகள் ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு தேர்வுகளில் எதில் மதிப்பெண் கூடுதலோ அதை எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் வந்ததே பதினொன்றாம் வகுப்பு நடுவில் என்றால் முதல் ஆறு மாதம் பள்ளிப் பாடத்துக்குக் கொடுங்கள், ஆகஸ்டிலும் அக்டோபரிலும் எழுதினால் போதும். மிச்சிகன், கனெக்டிகட் போன்ற மாநிலங்களில் பதினொன்றாம் வகுப்பினர் பள்ளியிலேயே கட்டணமின்றி எஸ்.ஏ.டி எழுதுகிறார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டண விலக்கு உண்டு, கவுன்சிலரிடம் கேளுங்கள். ஏ.சி.டி இதற்கு மாற்று, 36-க்கு மதிப்பெண். இரண்டையும் ஒவ்வொரு முறை வீட்டில் எழுதிப் பார்த்து, பிள்ளைக்கு எது கைவருகிறதோ அதில் நில்லுங்கள்.

எல்லாக் கல்லூரிகளும் இதைக் கேட்பதில்லை. 2020-இல் கொரோனா காலத்தில் பெரும்பாலானவை தேர்வை விருப்பத்துக்கு விட்டன. 2022-இல் மாசசூசெட்ஸின் எம்.ஐ.டி மீண்டும் கட்டாயம் என்றது. 2024-இல் டார்ட்மவுத், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக், ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஆகியவையும் அப்படி அறிவித்தன. கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்களோ மதிப்பெண் அனுப்பினாலும் சேர்க்கைக்குப் பார்ப்பதில்லை. இவை மாறிக்கொண்டே இருப்பவை, விண்ணப்பிக்கும் ஆண்டில் அந்தந்தப் பல்கலைக்கழக இணையதளத்தில் சரிபாருங்கள்.

பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்து எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளையும் எஸ்.ஏ.டி எழுதலாம், தடையில்லை. அக்டோபரில் எழுதும் பி.எஸ்.ஏ.டி வழியாகக் கிடைக்கும் நேஷனல் மெரிட் உதவித்தொகைப் போட்டிக்கும் அமெரிக்காவில் உள்ள பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டியதில்லை. இதைத் தேர்வுக்கு முன்பே பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். 

தேர்வுக்குச் சில மாதம் முன்பே மையத்தைப் பதிவு செய்யுங்கள். நம்மவர்கள் நிறைந்த ஊர்களில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். மடிக்கணினி இல்லையென்றால் காலேஜ் போர்டிடம் இரவல் கேட்கலாம், குறைந்தது 30 நாள் முன்பு. தேர்வு வாரத்தில் புளூபுக்கைத் திறந்து ஆயத்தப் பணிகளை முடித்து நுழைவுச் சீட்டை எடுத்துவையுங்கள். காலை எட்டு மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள். இடைவேளை பத்து நிமிடம்தான், ஒரு வாழைப்பழமும் தண்ணீரும் போதும். மதிப்பெண் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் வரும். நாட்டுச் சராசரியே ஆயிரத்தைச் சற்றுத் தாண்டியதுதான் என்பது நினைவிருக்கட்டும். அடுத்த ஞாயிறு தமிழ்ப் பள்ளி வாசலில் யாராவது எண்ணைக் கேட்பார்கள். பிள்ளையிடம் அனுமதி வாங்காமல் சொல்லாதீர்கள்.