கேஷ் ஃப்ளோவில் பிளஸ் இருந்தால் போதுமா?

குன்னூரில் தேயிலை ஃபேக்டரிகளின் வங்கிக் கடன் கோப்புகளைப் பார்ப்பதுதான் என் வேலை. புதிதாகச் சேர்ந்த இருவர் போன வாரம் ஒரு கோப்பை முடித்துக் கொண்டுவந்தார்கள். பல வருடங்களுக்கு முன்னால் நான் செய்த அதே தவறு அதில் இருந்தது: கேஷ் ஃப்ளோவில், அதாவது தொழிலில் பணம் வந்துபோன கணக்கில், பிளஸ் இருந்தால் போதும் என்று நம்புவது. கூட்டல் பிழைகளை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் கீழே உள்ள தவறுகளை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

லாபத்தை மட்டும் பார்ப்பது

அமெரிக்காவில் டபிள்யூ. டி. கிராண்ட் என்ற பெரிய கடைத்தொடர் 1975-ல் திவாலானது. அதற்கு முன் பல ஆண்டுகள் லாபம் காட்டியது. ஆனால் தொழிலிலிருந்து கைக்கு வந்த பணம் பெரும்பாலும் மைனஸ்தான்.

பிளஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் அடங்குவதில்லை. ஒரு ஃபேக்டரிக்கு அந்த வருடம் 18 லட்சம் நஷ்டம். தொழிலில் வந்த பணமோ 34 லட்சம் பிளஸ். நஷ்டமானாலும் பணம் வருகிறதே என்று நம்பி, கடன் லிமிட்டைப் புதுப்பிக்கலாம் என்று எழுதிவிட்டேன். மைனஸ் 18-க்கும் பிளஸ் 34-க்கும் நடுவே உள்ள 52 லட்சத்தைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். தேய்மானம் கையை விட்டுப் பணம் போகாத செலவு, அது 11 லட்சம். மீதி 41 லட்சமும் இலை கொடுத்த விவசாயிகளுக்குத் தராமல் வைத்திருந்த பாக்கி! அந்தப் பாக்கியை 34 லட்சத்திலிருந்து கழித்தால் 7 லட்சம் மைனஸ்.

ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். அதனால் இலைப் பணத்தை ஒரு மாதம் தள்ளிப்போட்டாலே அறிக்கை அழகாகிவிடும். ஆனால் பாக்கி மேலும் ஏறாவிட்டால் அடுத்த வருடம் அந்தப் பிளஸ் வராது. பணம் கிடைக்காத விவசாயி இலையை வேறு ஃபேக்டரிக்குக் கொண்டுபோவார். அங்கேயும் அதுதான் நடந்தது, கணக்கு வாராக்கடனானது. அப்புறம் கோத்தகிரிப் பக்கத்து அம்மா ஒருவர், மூன்று மாத இலைச் சீட்டுகளை ரப்பர் பேண்டு போட்டு என் மேசையில் வைத்தார். "நீங்கதானே சார் அவங்களுக்குப் பணம் குடுத்தீங்க?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இலைப் பாக்கியை வருடக் கொள்முதலால் வகுத்து 365-ஆல் பெருக்குங்கள்; எத்தனை நாள் பாக்கி என்று தெரியும். போன வருடம் 30 நாள், இந்த வருடம் 75 நாள் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். நேரே போய், இலை இறக்க வருபவரிடம் கடைசியாக எப்போது பணம் வந்தது என்று கேளுங்கள்.

டிசம்பரை ஜூனோடு ஒப்பிடுவது

உறைபனியில் இலை குறையும். போன டிசம்பரோடு ஒப்பிடுங்கள்.

நிலம் விற்ற பணத்தை வருமானமாக எண்ணுவது

கூடவே கூடாது. தொழிலில் மைனஸ், நிலம் விற்றதில் பிளஸ், புதுக் கடனில் பிளஸ் என்று மூன்றும் ஒரே வருடத்தில் வந்தால், கோப்பு அன்றே மேனேஜரிடம் போக வேண்டும்.

மார்ச் 31 இருப்பை நம்புவது

அது கணக்காண்டின் கடைசி நாள் ஒன்றின் இருப்பு மட்டும்தான். பன்னிரண்டு மாத வங்கி ஸ்டேட்மென்ட்டையும் கேட்டு வாங்குங்கள்.