மாசி, பங்குனிக்குப் புது ஃப்ராக்: துணியில் கத்தரி படும் முன்

மண்டைக்காடு கொடை முடிந்து ஈஸ்டருக்கு நாள் எண்ணத் தொடங்கும்போதே எங்கள் வீட்டு வாசலில் செல்போனோடு யாராவது வந்து நிற்பார்கள். "மைனி, இதப் பாருங்க, இது மாதிரி ஒண்ணு தைக்கணும். எப்பம் தருவீங்க?" திரையில் இருப்பது பெரும்பாலும் அடுக்கடுக்காகச் சுருக்கு வைத்த ஃப்ராக், பஃப் கை, சின்னச் சின்னப் பூ. முன்பெல்லாம் படத்தைப் பார்த்து நாமே கணக்குப் போட்டு வெட்ட வேண்டும். இப்போது அந்த ஃப்ராக்கின் பேட்டர்னையே, அதாவது ஒவ்வொரு துண்டும் வெட்டும் அளவில் வரைந்த காகித மாதிரியையே, இணையத்தில் வாங்கி, பிரிண்ட் எடுத்து ஒட்டி, துணிமேல் விரித்து வெட்டிவிடலாம். வசந்த காலத்துக்கு என்று வருடந்தோறும் புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கின்றன.

இந்தப் பேட்டர்ன்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. கையின் மேல் வளைவும் கைக்குழி வளைவும் பிசகாமல் ஒன்றோடொன்று பொருந்தும்போது, இதை வரைந்தவரின் உழைப்பை நினைத்துக்கொள்வேன். ஆனாலும் நான் பார்த்தவரை, கெட்டுப்போகும் ஃப்ராக்குகளில் முக்கால்வாசி மெஷினில் கெடுவதில்லை. துணியில் கத்தரி படும் முன்பே கெட்டுவிடுகின்றன. அந்தப் பேட்டர்ன் வேறொரு ஊர் வெயிலுக்கும், வேறு அகலத் துணிக்கும், வேறு உடல்வாகுக்கும் வரைந்தது. நாம் அதை அப்படியே நம் துணியில் வைத்து வெட்டுகிறோம்.

அவர்களுடைய வசந்தமும் நம் பங்குனியும்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் வட பகுதிகளிலும் மார்ச், ஏப்ரலில் இன்னும் குளிர் விட்டிருக்காது. அதனால் அங்கே வசந்த கால ஃப்ராக் என்றால் பல நேரம் முழுக்கை இருக்கும், முழு லைனிங் இருக்கும், மேலே ஒரு கோட் போட இடம் இருக்கும். நமக்கு மாசி பிறந்தாலே வெயில் ஏறிவிடும். குளச்சல், முட்டம் பக்கம் கடற்காற்று வீசினாலும் ஈரப்பதத்தில் துணி முதுகோடு ஒட்டிக்கொள்ளும். படத்தின் அழகை மட்டும் பார்த்துப் பேட்டர்ன் வாங்குவதுதான் முதல் தவறு.

மார்புக்குக் கீழே எலாஸ்டிக் வைத்து இறுக்கும் பேட்டர்னை எங்கள் ஊருக்கு நான் சொல்லவே மாட்டேன். மாலைக்குள் அந்த இடம் முழுக்க வேர்க்குரு வந்துவிடும். பஃப் கையின் ஓரத்து எலாஸ்டிக்கும் அப்படித்தான். அதே கைக்கு எலாஸ்டிக்குக்குப் பதில் தளர்வாக ஒரு பட்டி வைத்துத் தைத்தால் அழகும் குறையாது, காற்றும் போகும்.

எனக்குப் பிடித்தது ஏ-லைன். பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் 1955 வசந்த காலத்துக்கு வெளியிட்ட ஆடை வரிசைக்கு வைத்த பெயர் அது. தோளிலிருந்து கீழே வர வர விரியும் ஆடை உடம்பை எங்கேயும் பிடிக்காது. நம் வேர்வைக்கு இதைவிட ஏற்ற வெட்டு இல்லை என்பேன். முன்பக்கம் முழுக்கப் பட்டன் வைத்த சட்டை ஃப்ராக்கும் நல்லதுதான். ஆனால் பட்டன் பட்டிக்கு உள்ளே விறைப்புக்கு வைக்கும் கேன்வாஸ் ஒட்டாமல் விட்டால் நாலு துவையலில் பட்டன் வரிசை நெளிந்துபோகும்.

உடம்பைச் சுற்றி இடுப்பில் முடிச்சுப் போடும் ராப் டிரஸ்ஸை வாங்கும்போது பேட்டர்னின் அட்டையை வாசித்துவிட்டு வாங்குங்கள். ஆடை வடிவமைப்பாளர் டயான் வான் ஃபர்ஸ்டன்பெர்க் 1974இல் புகழ்பெற வைத்த ராப் டிரஸ் ஜெர்சித் துணியில் தைத்தது. ஜெர்சி என்றால் டி-ஷர்ட்போல இழுபடும் பின்னல் துணி. அந்த வழியில் வரும் பேட்டர்ன்களில் பலவும் இழுபடும் துணிக்கு மட்டும் வரைந்தவை. அதைக் காட்டனில் வெட்டினால் கை ஏறாது, மார்பில் விரிசல் விடும். எத்தனை முறை பிரித்துத் தைத்தாலும் சரியாகாது, ஏனென்றால் தவறு தையலில் இல்லை.

பிரிண்ட் எடுக்கும் இடத்தில் தொலையும் ஒரு இஞ்ச்

கம்ப்யூட்டர் கடையில் பேட்டர்னைக் கொடுத்தால், தாளின் ஓரம் வெட்டுப்படாமல் இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் பக்கத்துக்குள் அடங்கும்படி சுருக்கிப் பிரிண்ட் எடுத்துத் தருவார்கள். அமெரிக்கப் பேட்டர்ன் பல நேரம் அவர்கள் ஊர் லெட்டர் தாளுக்கு அமைத்தது. அதன் அகலம் எட்டரை இஞ்ச். நம் ஏ4 அதைவிடக் குறுகலானது, 8.27 இஞ்ச்தான். அடக்கிப் போட்டால் எல்லாமே ஏறக்குறைய 97 சதவீதமாகிவிடும். பார்த்தால் தெரியவே தெரியாது. ஆனால் 36 இஞ்ச் மார்புச் சுற்று 35 இஞ்ச் ஆகியிருக்கும்.

எனக்கே இது நடந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட தாள்களைத் தரையில் பரப்பி ஒட்டி, வெட்டி, தைத்து முடித்த பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து முதலில் ஒரே ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்கச் சொல்வேன். பேட்டர்னில் அளவு பார்ப்பதற்கென்றே ஒரு சதுரம் இருக்கும். அதன்மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்து, 10 சென்டிமீட்டர் என்று போட்டிருந்தால் 10 இருந்தால்தான் அடுத்த பக்கம். ஸ்கேலையே கையோடு கொண்டு போய்விடுவேன். தையல் டேப் நாள்பட இழுபட்டிருக்கும், அதை நம்ப வேண்டாம்.

ஒட்டிய தாளை நேராக வெட்டிவிடாதீர்கள். ஒரே தாளில் ஐந்தாறு சைஸ் கோடு இருக்கும், ஒன்றை வெட்டினால் மற்றவை போச்சு. நமக்கு வேண்டிய சைஸை மட்டும் பிரவுன் தாளில் வரைந்து எடுத்துக்கொள்ளலாம். பழைய செய்தித்தாளில் வரைவது நம் ஊர்ப் பழக்கம். ஆனால் வெள்ளை, இளம் மஞ்சள், இளம் ரோஸ் துணிகளில் அச்சு மை ஏறிவிடும்.

அப்புறம் தையலுக்கு விடும் இடம். அமெரிக்காவின் பழைய பெரிய கம்பெனிப் பேட்டர்ன்களில் ஓரமெங்கும் எட்டில் ஐந்து பங்கு இஞ்ச், அதாவது ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் சேர்த்தே வரைந்திருப்பார்கள். ஜெர்மனியின் புர்தா பத்திரிகைப் பேட்டர்னில் பெரும்பாலும் அந்த இடமே இருக்காது, நாம்தான் விட வேண்டும். இரண்டு பக்கத் தையலுக்கு நான்கு ஓரம். சேர்த்திருப்பதைத் தெரியாமல் மறுபடி விட்டால் இரண்டரை இஞ்ச் தொளதொளக்கும். விட வேண்டியதை விடாமல் வெட்டினால் இரண்டரை இஞ்ச் பிடிக்கும்.

சைஸ் எண்ணை மறந்துவிடுங்கள்

கடையில் எல் சைஸ் நைட்டி எடுக்கிறேன், அதனால் பேட்டர்னிலும் எல் என்று வெட்டுகிறவர்கள் அதிகம். பேட்டர்னின் சைஸுக்கும் ரெடிமேட் சைஸுக்கும் சம்பந்தமே இல்லை. டேப்பை எடுத்து உடம்பை அளந்து, பேட்டர்ன் தரும் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். தைத்து முடித்த ஆடையின் அளவும் அதில் தனியாக இருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் லூஸ். 36 இஞ்ச் மார்புக்கு முடித்த ஆடை 38 என்றால் நம் வெயிலுக்கு இறுக்கம். 40 இருந்தால் சௌகரியம்.

மார்புச் சுற்றை மட்டும் வைத்து சைஸ் எடுப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்று நினைக்கிறேன். பெரும்பாலான பெரிய கம்பெனிகள் அக்குளை ஒட்டிய மேல் மார்புச் சுற்றுக்கும் முழு மார்புச் சுற்றுக்கும் சுமார் 2 இஞ்ச் வித்தியாசம் என்று வைத்து வரைகின்றன. நம் பெண்கள் பலருக்கு அது மூன்று, நான்கு இஞ்ச் இருக்கும். முழு மார்புக்கு ஏற்ற சைஸில் வெட்டினால் மார்பு சரியாக இருக்கும், தோள் வழியும், கழுத்து வாய் பிளக்கும். குனியும்போதெல்லாம் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மேல் மார்புக்கு ஏற்ற சைஸில் வெட்டி, முன்துண்டில் மட்டும் மார்பிடத்தில் தாளைப் பிளந்து விரித்து, அந்த அதிக இடத்தை டார்ட்டில், அதாவது கூம்பாக மடித்துப் பிடிக்கும் தையலில், பிடித்தால் தோளும் கழுத்தும் உட்காரும். காகிதத்தில் அரை மணி நேர வேலைதான்.

இதைச் சொல்லும்போது, "எனக்கு உடம்பு சரியில்லக்கா, எந்த டிரஸும் நிக்காது" என்பார்கள். உடம்பில் குறையே இல்லை, காகிதத்தில்தான். மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காகத் தென் திருவிதாங்கூர்ப் பெண்கள் பல பத்தாண்டுகள் அடிபட்டு, அவமானப்பட்டு, 1859இல்தான் அரசின் அறிவிப்பைப் பெற்றார்கள். தோள்சீலைப் போராட்டம் நடந்த மண்ணில் இருந்துகொண்டு, ஒரு பெண் தன் உடம்புக்குப் பொருந்தாத துணிக்காகத் தன்னையே நொந்துகொள்வதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

துணி எவ்வளவு, எப்படி

மூன்று கஜம் என்றால் 108 இஞ்ச், மீட்டரில் 2.75க்குக் கொஞ்சம் குறைவு. கஜக் கணக்கை மீட்டர் என்று வாங்கினால் துணி மீதமாகும், மீட்டர் கணக்கைக் கஜம் என்று வாங்கினால் பற்றாமல் போகும். அதைவிட, அகலத்தைப் பார்க்காமல் விடுவதுதான் ஆபத்து. 60 இஞ்ச் அகலத் துணிக்குப் போட்ட கணக்கை நம்பி 44 இஞ்ச் காட்டன் வாங்கி வந்தால், கீழ்ப்பாவாடைத் துண்டு துணிக்குள் அடங்கவே அடங்காது. 44 இஞ்ச் துணியை மடித்தால் 22தான். அதைவிட அகலமான துண்டு ஏதாவது பேட்டர்னில் இருக்கிறதா என்று அளந்துவிட்டுத் துணிக்கடைக்குப் போவது நல்லது.

அடுக்கு ஃப்ராக்கில் இந்தத் தொல்லை இல்லை, எல்லாமே நீளத் துண்டுகள்தான், ஒட்டிக்கொள்ளலாம். வீட்டில் இருக்கும் நூல் சேலையே போதும். ஆனால் சுருக்குக் கணக்கில் கவனம் வேண்டும். மேல் ஓரம் 40 இஞ்ச் என்றால், ஒவ்வொரு அடுக்கும் ஒன்றரை மடங்கு வைத்தால் 60, 90, 135 இஞ்ச் என்று போகும். அழகாக இருக்கட்டும் என்று இரட்டிப்பாக வைத்தால் 80, 160, 320. கடைசி அடுக்கு மட்டும் எட்டு மீட்டருக்கு மேல் நீளம். அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு பூசை முடியும்வரை நிற்க முடியாது.

இனி நனைப்பது. நல்ல காட்டனே 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும். 44 இஞ்ச் நீள ஃப்ராக்கில் 5 சதவீதம் என்றால் இரண்டு இஞ்சுக்கு மேல். தங்கை மகளுக்கு ஈஸ்டருக்குத் தைத்த ரேயான் ஃப்ராக்கை அவசரத்தில் நனைக்காமல் வெட்டினேன். முதல் துவையலிலேயே முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. துணியைச் சாதாரணத் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்து, முறுக்காமல் எடுத்து, நிழலில் உலர்த்தி, லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள். ரேயான் நனைந்தால் வலுவிழக்கும், பிழியவே கூடாது.

மேல் துணியை நனைத்துவிட்டு லைனிங்கை நனைக்காமல் விடுவதை வருடம்தோறும் பார்க்கிறேன். துவைத்ததும் உள்ளே லைனிங் சுருங்கி, வெளியே தையலெல்லாம் கோணலாக இழுக்கும். லைனிங்குக்கு மெல்லிய காட்டனே போதும். விலை குறைவு என்று பாலியஸ்டர் வைத்தால் காட்டன் ஃப்ராக் தைத்த பலனே போய்விடும்.

லேஸும் அப்படித்தான். நாகர்கோவிலுக்கும் லேஸுக்கும் உறவு பழையது. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே லண்டன் மிஷன் போதகர் மால்ட்டின் மனைவி இங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். நூல் லேஸை நனைக்காமல் வைத்துத் தைத்தால் கழுத்தும் கை ஓரமும் சுருங்கிப் பிடிக்கும். தங்கை மகளின் ஃப்ராக்கைக் கடைசியில் காப்பாற்றியதும் இரண்டரை இஞ்ச் அகல லேஸ்தான், அதை மட்டும் மறக்காமல் நனைத்துத் தைத்தேன்.

பேட்டர்ன் துண்டுகளில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது துணியின் கரைக்கு இணையாகப் போக வேண்டும். கொஞ்சம் துணியை மிச்சம் பிடிக்க அதைச் சாய்த்து வைத்தால், உடுத்தி நடக்கும்போது ஆடை ஒரு பக்கமாகத் திருகும். வடசேரி, இரணியல் என்று நெசவுக்குப் பேர்போன ஊர்கள் நம் பக்கம் உண்டு. கைத்தறித் துணி வாங்கினால் வெட்டும் முன் ஊடையில் ஒரு இழையை இழுத்து நேர் பார்த்துக்கொள்ளுங்கள். பூப்போட்ட துணியில் பூக்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். அப்படியானால் துண்டுகளைத் தலைகீழாக மாற்றி வைக்க முடியாது, அரை மீட்டராவது கூடுதலாகத் தேவைப்படும்.

புதுப் பேட்டர்னை நல்ல துணியில் முதலில் வெட்டாதீர்கள். பழைய வேட்டியில் மேல்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிய தையல் போட்டுப் பார்த்தால் போதும். வாயில் (voile) எனும் மெல்லிய துணிக்கு 9 அல்லது 11ஆம் நம்பர் ஊசி வேண்டும். மெஷினில் எப்போதும் கிடக்கும் 16ஆம் நம்பரில் தைத்தால் வரிசையாக ஓட்டை விழும்.

அடி வட்டமாக விரியும் ஃப்ராக் என்றால் அன்றைக்கே அடி மடிக்கக் கூடாது. குறுக்காக வெட்டுப்பட்ட இடங்கள் தன் பாரத்தில் கீழே இறங்கும். ஹேங்கரில் மாட்டி ஒரு நாள் விட்டுவிட்டு, உடுத்தப்போகிறவரையே போட்டுக்கொள்ளச் சொல்லி, அன்று போடப்போகும் செருப்போடு நிற்க வைத்து, தரையிலிருந்து ஸ்கேல் பிடித்துச் சுற்றிலும் சாக்பீஸால் குறித்த பிறகு மடியுங்கள்.