காலையில் குதி, மதியத்துக்கு மேல் ஒயின்: பாண்டி, கடலூர் கூட்டத்துக்குக் குயின்ஸ்டவுன் வழிகாட்டி

நண்பர்கள் நாலு பேர் கூடி வெளிநாடு போகலாம் என்று பேசினால் நம் பக்கத்தில் பேச்சு பாங்காக்கில் தொடங்கி பாலியில் முடிந்துவிடும். மலையும் ஏற வேண்டும், வயிற்றைக் கலக்குகிற மாதிரி ஒன்றும் செய்து பார்க்க வேண்டும், நல்ல ஒயினும் ருசிக்க வேண்டும், எல்லாம் ஒரே பயணத்தில் வேண்டும் என்றால் நியூசிலாந்தின் தெற்குத் தீவில் இருக்கிற குயின்ஸ்டவுனைப் பாருங்கள். செலவு கூடுதல்தான், ஒரு நியூசிலாந்து டாலர் 50 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். ஆனால் காலில் ரப்பர் கயிறு கட்டிக்கொண்டு குதிக்கிற பங்கி ஜம்ப் பாலமும் திராட்சைத் தோட்டங்களும் ஒரே பள்ளத்தாக்கில் அடுத்தடுத்து இருக்கிற ஊர் வேறு எங்கே கிடைக்கும்? அந்த நெருக்கத்தைச் சரியான வரிசையில் பயன்படுத்துவதுதான் முழு வித்தை.

முதலில் மாதம். அங்கே பருவம் தலைகீழ். பொங்கலுக்குப் போனால் நல்ல கோடை, ஆனால் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். என் ஓட்டு மார்ச் கடைசி முதல் ஏப்ரல் வரை: இங்கே நாம் வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போது அங்கே இலையுதிர் காலம், பக்கத்திலுள்ள ஆரோடவுனில் மரமெல்லாம் மஞ்சள், தோட்டங்களில் அறுவடை.

விசா ஆளுக்கு ஆள் தனியாக ஆன்லைனில் போட வேண்டும். தங்கும் காலத்தில் மாதத்துக்கு ஒருவருக்கு 1,000 நியூசிலாந்து டாலர் கையிருப்பு காட்டச் சொல்வார்கள், அறைக்கு முன்பே பணம் கட்டியிருந்தால் 400 போதும். பாண்டிக் கூட்டம் என்றால் அதில் பிரெஞ்சு பாஸ்போர்ட்காரர் ஒருத்தராவது இருப்பார் இல்லையா, அவருக்கு விசாவே வேண்டாம், என்.இசட்.இ.டி.ஏ. என்கிற முன் அனுமதி மட்டும் எடுத்தால் போதும். அவர் ஒரு நாளில் முடித்துவிட்டு மற்றவர்களைக் கிண்டல் செய்வார், பொறுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சிட்னி, மெல்பர்ன் வழியாக விலை குறைவாகக் காட்டும், ஆனால் இந்திய பாஸ்போர்ட்டுக்கு விமானம் மாறுவதற்கே ஆஸ்திரேலியா டிரான்சிட் விசா கேட்கும். சென்னையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து கிறைஸ்ட்சர்ச் அல்லது ஆக்லாந்து, பிறகு குயின்ஸ்டவுன் என்று போவது நிம்மதி.

அடுத்து பெட்டி. இதைச் சொல்லாமல் விட்டால் விமான நிலையத்திலேயே பயணம் கசந்துவிடும். நியூசிலாந்தில் உணவு, விதை, மண் இவற்றைக் கொண்டுவருவதில் மிகக் கண்டிப்பு. அறிவிக்காமல் கொண்டுபோய் மாட்டினால் அங்கேயே 400 டாலர் அபராதம், கிட்டத்தட்ட 20,000 ரூபாய். எனவே அம்மா கொடுத்தனுப்பும் கருவாடு, வீட்டு ஊறுகாய், பழம், தேன் எதுவும் வேண்டாம். பண்ருட்டி முந்திரி எடுத்தே தீருவேன் என்றால் கடையில் சீல் போட்ட பாக்கெட்டாக எடுத்துப் போய், நுழைவுப் படிவத்தில் உணவு இருக்கிறது என்று குறிப்பிடுங்கள். அறிவித்துவிட்டால் அபராதம் இல்லை, மிஞ்சிப் போனால் பிடுங்கிக்கொள்வார்கள். ஷூவும் முக்கியம். கொல்லையிலும் வயலிலும் நடந்த ஷூவின் அடியில் ஒட்டியிருக்கும் மண்ணைப் பல் துலக்கும் பழைய பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.

உடம்பைத் தயார் செய்வதுதான் நமக்குக் கஷ்டம், ஏனென்றால் நாம் கடற்கரைக்காரர்கள், மேம்பாலத்தைத் தவிர ஏற்றமே பார்ப்பதில்லை. வானகா என்ற ஊருக்குப் பக்கத்தில் ராய்ஸ் பீக் என்று ஒரு சிகரம், உயரம் 1,578 மீட்டர், போய்வர 16 கிலோமீட்டர், கீழிருந்து சுமார் 1,200 மீட்டர் ஏற வேண்டும். செஞ்சிக் கோட்டை ராஜகிரி சுமார் 800 அடி, அதை ஐந்து முறை அடுக்கிய மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்து ஞாயிறு காலையில் செஞ்சிக்குப் போய் ஏறி இறங்குங்கள், இரண்டு தடவை ஏறியும் மூச்சு நிதானமாக இருந்தால் ராய்ஸ் பீக் பற்றி யோசிக்கலாம். மூச்சு வாங்கினால் பாதி உயரம் வரை போய்த் திரும்புங்கள், அங்கிருந்தே ஏரி அழகாகத் தெரியும். வழியில் நிழல் கிடையாது, அங்கே வெயில் குளிர்ச்சியாக இருந்தாலும் தோலை எரிக்கும், சன்ஸ்கிரீன் கட்டாயம். ஆடுகள் குட்டி போடும் காலம் என்பதால் அக்டோபர் 1 முதல் நவம்பர் 10 வரை பாதையை மூடிவிடுவார்கள்.

சரி, இப்போது வரிசைக்கு வருகிறேன். மலைக்கு ஒரு நாள், குதிப்புக்கும் ஒயினுக்கும் வேறொரு நாள். ராய்ஸ் பீக்கிலிருந்து இறங்கிய கையோடு ஒயின் கிளாஸைத் தொடாதீர்கள், நீர் வற்றிய உடம்பில் இரண்டு மடக்கே தலைக்கேறும், ருசியும் தெரியாது.

குதிப்பு காலையில். கவாராவ் ஆற்றுப் பாலத்தில்தான் 1988-ல் ஏ.ஜே. ஹாக்கெட்டும் ஹென்றி வான் ஆஷும் காசு வாங்கிக்கொண்டு மக்களைக் குதிக்கவிடும் உலகின் முதல் நிரந்தர இடத்தைத் தொடங்கினார்கள். அதற்கு முந்தைய வருடம் ஹாக்கெட் பாரிஸ் ஈபிள் கோபுரத்திலிருந்தே குதித்தவர், பாண்டிக்காரர்களுக்கு இது போதாதா! உயரம் 43 மீட்டர். எடை பார்த்து எண்ணைக் கையிலேயே எழுதிவிடுவார்கள், தொப்பை ரகசியம் அன்றைக்கு வெளியே வந்துவிடும். தலை ஆற்றுத் தண்ணீரில் முங்க வேண்டுமா வேண்டாமா என்றும் கேட்பார்கள், மாற்றுச் சட்டை இருந்தால் முங்குங்கள். முதுகு, கண், இரத்த அழுத்தம் எதிலாவது பிரச்சினை இருந்தால் இங்கேயே டாக்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள். பயப்படுகிற நண்பனைத் தள்ளிவிடுவோம் என்ற விளையாட்டு வேண்டாம், பார்ப்பதற்கு மேடை இருக்கிறது, அவன் வீடியோ எடுக்கட்டும். காப்பீடு வாங்கும்போது சாகச விளையாட்டு சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். அங்கே விபத்தில் அடிபட்டால் ஏ.சி.சி. என்ற அரசு ஏற்பாடு சுற்றுலாப் பயணிக்கும் சிகிச்சைச் செலவில் உதவும், ஆனால் காய்ச்சலுக்கோ ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கோ அது வராது.

பாலத்தைத் தாண்டியதும் கிப்ஸ்டன் பள்ளத்தாக்கு, மதியத்துக்கு மேல் அங்கே. முதலில் வயிறு நிறையச் சாப்பிடுங்கள். பாலத்திலிருந்து தோட்டங்களுக்கு ஆற்றோரமாகச் சைக்கிள் பாதை உண்டு, வாடகைச் சைக்கிள் கடைக்காரர்கள் மாலையில் உங்களையும் சைக்கிளையும் வேனில் ஏற்றிக்கொள்ளும் ஏற்பாடும் வைத்திருக்கிறார்கள். ஹெல்மெட் அங்கே சைக்கிளுக்கும் சட்டம். சைக்கிள் வேண்டாம் என்றால் ஒயின் டூர் வேன். எதுவானாலும் யாரும் கார் ஓட்டக் கூடாது. நூறு மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் வரை அனுமதி, நம் ஊரில் 30, கணக்கு தளர்வாகத் தெரியும், அதை நம்பி இறங்காதீர்கள். குடிக்காத நண்பர் ஒருத்தர் இருக்கிறார், அவர் ஓட்டட்டும் என்று தினமும் அவர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை.

ருசிக்கிற முறை நம் ஊர் கட்டிங் முறைக்கு நேர் எதிர். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் அளவுதான் ஊற்றுவார்கள். கிளாஸைத் தண்டில் பிடித்துச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து, சின்ன வாயாக எடுத்து நாக்கு முழுக்கப் புரட்டுங்கள். விழுங்கலாம், பக்கத்திலுள்ள பாத்திரத்தில் துப்பவும் செய்யலாம். துப்புவது அங்கே மரியாதைக் குறைவு இல்லை, மூன்று நான்கு தோட்டம் போகிறவர்கள் துப்பியே ஆக வேண்டும். சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள், பக்கத்தில் நிற்பவருக்கும் மணம் கெடும். ஐஸ், சோடா கேட்காதீர்கள். இனிப்பு ஒயின் மட்டுமே குடித்துப் பழகியவர்கள் லேசான இனிப்புள்ள ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினில் தொடங்கி, இன்னொரு வெள்ளை ஒயினான பினோ கிரீ, கடைசியில் இந்தப் பகுதியின் பெயர் பெற்ற சிவப்பு ஒயினான பினோ நுவார் என்று போங்கள். பினோ நுவார் நிறம் வெளிறியிருக்கும், தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், அந்தத் திராட்சைக்குத் தோல் மெல்லியது. பகல் சூடும் இரவுக் குளிரும் நன்றாக மாறி மாறி வருவதால் புளிப்பும் மணமும் நிற்கிறது என்பார்கள். ஒரே மதியத்தில் மூன்று இடத்துக்கு மேல் போனால் எல்லாம் ஒரே ருசியாகிவிடும். சிறு வயதுத் தோற்றம் உள்ளவர்கள் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள், நம் ஊர் லைசென்ஸை வயதுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மற்ற நாட்களில் கார் ஓட்ட அதே லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருந்தால் போதும், அங்கேயும் இடது பக்கம்தான். ஒரு வண்டி மட்டும் போகிற பாலங்கள் நிறைய வரும், உங்கள் பக்கம் சிவப்புச் சின்ன அம்பு இருந்தால் நின்று எதிரே வருபவருக்கு வழி விடுங்கள், ஹார்ன் அடித்து நுழைகிற நம் பழக்கம் அங்கே ஆபத்து.

திரும்பும்போது பாட்டில். இந்திய சுங்கத்தில் ஆளுக்கு 2 லிட்டர் வரை வரியில்லை, 750 மில்லி பாட்டில் என்றால் இரண்டு. பெரும்பாலும் திருகு மூடி, கார்க் திறப்பான் தேட வேண்டியதில்லை. துணியில் சுற்றி செக்-இன் பெட்டியில் வையுங்கள், கையில் வைத்தால் சிங்கப்பூர் சோதனையில் சிக்கல். பில்லைக் கிழித்துப் போடாதீர்கள், பாண்டி எல்லையான முள்ளோடை தாண்டிக் கடலூர் போகிறவர்களை வழியில் நிறுத்திக் கேட்டால் காட்டுவதற்கு அது ஒன்றுதான் இருக்கும்.